கடைசி நாளுக்கு வைத்த கோயில்

எங்கள் அத்தான் அழகரத்தினத்துக்குப் பயணம் என்றால் முதலில் வேண்டியது ஊர் அல்ல, திட்டம். அக்கா புஸ்பமும் அவரும் நெடுங்காலமாகச் சுவிஸில் இருக்கிறார்கள். கோடை வந்தால் ஸ்பெயினுக்குப் போய், பட்டணத்தில் தங்காமல், எங்கேயோ ஒலிவ் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுப்பார்களாம். காலையில் காரில் ஒரு திசைக்குப் போவது, பொழுதுபட அதே வீட்டுக்குத் திரும்புவது, அடுத்த நாள் இன்னொரு திசை. பெட்டியை ஒரு தரம் திறந்தால் போதும், படுக்க ஒரே கட்டில், சமைக்க ஒரே அடுப்பு என்று அதன் நன்மைகளை அவர் சொல்லத் தொடங்கினால், கேட்பவர் எழும்பிப் போனாலும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன ஆடியில் எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்கு வந்தபோது அந்த ஸ்பெயின் வித்தையை என் வீட்டிலும் இறக்கினார். என் வீடு என்று வாய் சொல்கிறதே தவிர, அது அக்காவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். மூத்தவளுக்கென்று அம்மா கட்டியதை, கலியாணம் முடித்துக் கடல் கடந்த அக்கா தங்கச்சி எனக்கு எழுதிவிட்டாள். சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறாய் என்று நான் கேலி செய்தால், விருந்தாளிக்குக் கோழி அடிக்கவில்லையே என்று அவள் திருப்பிக் கேட்பாள். கோழியை அடித்துக் கறி வைத்தால் ஒரு துண்டைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள்.

அவள் எதற்கு வந்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். நோய் முதல்முறை வந்தபோது, சுகப்படுத்தினால் வெள்ளி வேல் கொண்டுவந்து வைக்கிறேன் என்று சித்தாண்டி முருகனுக்கு நேர்ந்திருந்தாள். சுகம் வந்தது. அதன் பிறகு சில வருடங்கள் நன்றாகவே இருந்தாள். வேலைக்குப் போனாள், ஸ்பெயினுக்குப் போனாள், சித்தாண்டிக்கு மட்டும் வரக் கிடைக்கவில்லை. இப்போது நோய் திரும்பி வந்து ஈரலுக்கும் போய்விட்டது. இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். வந்திறங்கிய அன்றே பெட்டிக்குள்ளிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய வேலை எடுத்து என் சாமி அறையில் வைத்தாள். ஒரு சாண் நீளம் இருக்கும்.

"உசிர் கேக்க வரல்லகா, கேதீஸ்," என்றாள். "சொன்ன சொல்ல முடிச்சிற்றுப் போகணும். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்று பின்னேரமே அத்தான் சாப்பாட்டு மேசையில் ஃபோனை வைத்து வரைபடத்தை விரித்துவிட்டார். தூர இடங்களுக்கு முதலில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே போய்விட வேண்டும். கிட்டடி இடங்கள் பிறகு. பொத்துவில், பொலநறுவை, பாசிக்குடா, இடையில் களைப்பாற ஆறுதல் நாள்கள். சித்தாண்டி இங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட என்றபடியால் கடைசி. அதுவும் வெள்ளிக்கிழமையாகப் பொருந்தி வருகிறது, அதற்கு இரண்டு நாள் கழித்து விமானம். கேட்க எவ்வளவு அழகாக இருந்தது. முதலில் கோயில், மற்றதெல்லாம் பிறகு என்று நான் சொன்னேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அத்தான் தலையை நிமிர்த்தாமலே, "கோயில் எங்க ஓடப்போகுது, கேதீஸ்?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போய், அவர் திட்டம் போடட்டும், அந்த மனிசனுக்கு இப்போது வேறென்ன செய்ய முடியும் என்று மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லையே தவிர, கோபம் போகவில்லை.

பயணங்கள் நல்லபடியாகத்தான் நடந்தன. என் மனிசன் விஜிதரன் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் வட்டையோடு கிடந்தார், வேளாண்மை வெட்டுக் காலம். அதனால் வாடகைக் காரில் நாங்கள் மூன்று பேர்தான். சுவிஸ் கார்ப் பழக்கத்தில் அத்தான் வளைவுக்கு வளைவு சிக்னல் போடப்போய் வைப்பரைப் போட்டுவிடுவார். கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போகும் எங்கள் காரைப் பார்த்துக் கல்லாற்றுச் சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் பின் ஆசனத்தில் தலையணையில் சாய்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொத்துவில் கடலில் கால் நனைத்தாள். பொலநறுவையில் காரை விட்டு இறங்கவில்லை, எங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். நாள் போகப் போக அவளுடைய சேலைக் கொசுவம் இடுப்பில் நிற்காமல் வழுகியது. காலையில் நான்தான் கொசுவத்துக்கு ஊசி குத்திவிடுவேன்.

ஆறுதல் நாள் ஒன்றில் மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து மகிழடித்தீவுக்குப் போனோம். அங்கேதான் எங்கள் தாய்மாமன், மகள் வதனியோடு இருந்தார். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து பல மாதமாகப் படுக்கை. கண் தெரியவில்லை, ஆனால் அக்காவின் குரலைப் பிடித்துவிட்டார். சித்தாண்டிக்குப் போய்விட்டாயா பிள்ளை என்று கேட்டார். இனித்தான் என்றாள். மாமா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். அவருடைய நெஞ்சு ஏறி இறங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரில் குடி தாய்வழியில் வரும். தாய்மாமன் எங்கள் குடி, எங்கள் இரத்தம். அவருக்கு ஒன்று நடந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு, கோயில் வாசல் மிதிக்க முடியாது. திரும்பி வரும்போது இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் உயிரோடு இருக்கிற மனிசனை, போகப்போகிறார் என்று எந்த வாய் சொல்லும்? அதுவும் அக்கா பின்னால் இருக்கும்போது. நாளைக்கே சித்தாண்டிக்குப் போவோமே என்று மட்டும் சொன்னேன். நாளைக்குப் பாசிக்குடா, முருகனுக்கு வெள்ளிக்கிழமைதான் விசேஷம் என்றார் அத்தான். இருபத்தைந்து வருடம் வெளிநாட்டில் இருந்தவருக்குத் தூரம் தெரியும், ரோட்டுத் தெரியும், வானிலைகூட ஃபோனில் தெரியும். துடக்கு எந்த வரைபடத்தில் இருக்கிறது?

பாசிக்குடாவுக்குச் சித்தாண்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது நிற்பாட்டச் சொன்னேன். தலை முழுகாமல், வேலும் இல்லாமல் வெறுங்கையோடு எப்படி என்றாள் அக்கா. திரும்பி வரும்போது எல்லாரும் மீன் பொரியல் சாப்பிட்டிருந்தோம். மச்சம் சாப்பிட்ட வாயோடு கோயிலுக்குப் போவதில்லை. கார்க் கண்ணாடிக்குள்ளிருந்தே அக்கா கைகூப்பினாள், அத்தான் வேகத்தைச் சற்றுக் குறைத்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிணற்றடியில் நின்றபோது வதனி ஃபோன் எடுத்தாள். "மச்சாள், அப்பா மோசம் போயிற்றார்," என்று சாவுச் செய்தி சொன்னாள். அவள் அழுதாள். நான் அழவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த மாமா என்றுகூட நினைக்கவில்லை, கடவுளே, இன்றைக்கா என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கு எடுக்காதே, யாரையும் எடுக்க விடாதே, மத்தியானத்துக்குப் பிறகு நானே கூட்டிக்கொண்டு வாறன் என்று அவளிடம் கெஞ்சினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே.

காதில் விழுந்தால்தான் துடக்கு என்பார்கள் எங்கள் ஆட்கள். தூர தேசத்தில் இருப்பவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. என் காதில் விழுந்துவிட்டது, நான் போக முடியாது. அக்காவின் காதில் இன்னும் விழவில்லை. அவள் போகலாம். ஒரு காலைப்பொழுது என் முகத்தை நான் கட்டிப்போட்டால் போதும்.

அறைக்குள் போனபோது அவள் முழுகிவிட்டு, மாம்பழ நிறப் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கட்டையாக வளர்ந்திருந்த முடியில் ஒரு துண்டு மல்லிகைச் சரம் சொருகியிருந்தாள். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, ஊசியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. துடக்கோடு தொட்டால் அவள் முழுகியதும் வீண், பட்டும் வீண். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன்.

"நான் வரல்லக்கா. மறந்துபோய் விடிய, ராத்திரி மிச்ச மீன்கறியில வாய வச்சிற்றன்."

அவள் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஊசியைத் தானே குத்த முயன்றாள். கொசுவம் வழுகியது. அத்தானைக் கூப்பிட்டாள். ஊசி குத்தத் தெரியாத அந்த மனிசன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துக்கொண்டு குத்தினார். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரத்தில் நான் நின்றதில்லை.

கார் போனதும் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். மாமாவுக்கு எவ்வளவு, அக்காவுக்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது. பிறகு முகம் கழுவி, செத்தவீட்டுக்குக் கட்ட ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து மடித்து வைத்தேன். இந்நேரம் புளியந்தீவைத் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் ஏறாவூர், இந்நேரம் முருகனுக்கு முன்னால் வேலை வைத்திருப்பாள் என்று நினைக்க நினைக்க மனம் கொஞ்சம் ஆறியது. அத்தானின் மேல் இருந்த கோபம்கூடத் தணிந்தது.

மத்தியானத்துக்கு முதலே கார் வந்துவிட்டது. அத்தான் முகம் தொங்கியிருந்தது. கோயில் வாசலுக்கு எதிரே காரை நிற்பாட்டியும் அக்கா இறங்கவில்லையாம். களைப்பாக இருக்கிறது, நீங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, ரோட்டிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எத்தனை நாள் திட்டம், இந்த ஒரு நாளுக்காகத்தானே வந்தோம் என்று அவர் புலம்பினார். அக்கா மெதுவாக இறங்கினாள். மடியில் மஞ்சள் துணிப் பொதி அவிழ்க்காமல் இருந்தது.

நேரே என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள்.

"மாமா எப்பகா மோசம் போனவர்?"

அத்தான் நின்ற இடத்திலேயே காரில் சாய்ந்துவிட்டார். யார் சொன்னது என்று நான் கேட்டேன்.

"நீதான். வெள்ளிக்கிழமையில மச்சம் தின்னுற ஆளா நீ? என்னத் தொடாமத் தள்ளி நிண்டியே, அப்பவே விளங்கிற்று."

காதில் விழவில்லைதானே, உள்ளே போயிருக்கலாமே என்று நான் விம்மினேன். காது கேட்காவிட்டாலும் மனசு கேட்டுவிட்டதே, துடக்குப் பட்ட வேலைக் கொடுத்து முருகனையும் ஏமாற்றவா சொல்கிறாய் என்றாள். அப்படியென்றால் காரில் ஏறாமலே இருந்திருக்கலாமே என்றேன். நான் பட்ட பாட்டைக் கெடுக்க மனம் வரவில்லையாம். அத்தானும் விடிய எழும்பிக் காரைக் கழுவி, பூமாலை கட்டியிருந்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அதே காரில், அந்த மாலையைக் கழற்றிவிட்டு, மூன்று பேரும் மகிழடித்தீவுக்குப் போனோம். அத்தான் ஃபோனைப் பார்க்கவில்லை. மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வைப்பர் ஓடியது, ஒருவரும் சிரிக்கவில்லை. செத்தவீட்டில் அக்கா மாமாவின் காலடியில் இருந்து, வாய்விட்டு ஒப்பாரி வைத்து அழுதாள். அவளுடைய அழுகை மாமாவுக்கு மட்டும் இல்லை என்பது அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் விளங்கியது. ஒருத்தியும் தேற்றப் போகவில்லை, கூடவே அழுதார்கள்.

விமானத்துக்குப் போகும் நாள் அந்த வெள்ளி வேலை என்னிடம் தந்தாள். துடக்குக் கழிந்ததும் நீ கொண்டுபோய்க் கொடு, நீ கொடுத்தாலும் நான் கொடுத்தாலும் ஒன்றுதான் என்றாள். நான் தலையாட்டினேன். சாமி அறையில் வைக்கக்கூடாது என்று அலுமாரியில் என் கலியாணச் சேலைக்கு மேல் வைத்தேன். நாள்காட்டியில் முப்பத்தோராம் நாளைச் சுற்றி வட்டம் போட்டேன். சித்தாண்டிக்குப் போக ஓட்டோவும் பேசிவிட்டேன்.

அந்த வட்டத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கையில் சுவிஸிலிருந்து அத்தான் எடுத்தார். அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை, மூச்சு வாங்குவதிலேயே தெரிந்துவிட்டது. அக்கா போய்விட்டாள். மாமாவின் துடக்குக் கழிய முதல் அக்காவின் துடக்கு என் காதில் விழுந்துவிட்டது. அவளுடைய வேலைக் கொண்டுபோகவிடாமல் அவளே வந்து வாசலை அடைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து அத்தான் மறுபடியும் எடுத்தார். வேல் அலுமாரியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவருக்கும் துடக்குக் கழிய வேண்டும், கழிந்ததும் வருகிறாராம், இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுப்போமாம்.

"கோயில முதல் நாளே போட்டிருக்கலாம், கேதீஸ்," என்றார். "நீ சொன்னனிதானே. முதல் நாளே போட்டிருக்கலாம்."

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவரிடம் கேட்பதற்கென்று எத்தனை கேள்விகளை நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் அவர் சின்னப் பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். ஊசி குத்தத் தெரியாத அந்தக் கைகள்தான் என் கண்ணுக்குள் வந்தன.

"அழாதிங்க அத்தான்," என்றேன். "கோயில் எங்க ஓடப்போகுது?"