டைம் கீப்பர் போயிட்டாரு

மகள் மேல் முடிச்சை ஒருவழியாக அவிழ்த்துவிட்டாள். அதற்கடியில் இன்னொரு முடிச்சு இருந்தது. அப்பா எதையும் இரண்டு தடவை கட்டுகிறவர்.

"கத்திரிக்கோல் எடுத்து வெட்டிடும்மா," என்றார் சித்தப்பா.

"புது லேஸு," என்றாள் அம்மா. "நேத்துதான் மாத்தினார்."

செத்துப்போன மனிதருடைய ஷூ லேஸின் எதிர்காலத்தைப் பற்றி மூன்று பேரும் ஒரு நிமிடம் யோசித்தார்கள். இடது காலில் ஷூ இருந்தது. வலது ஷூ கட்டிலுக்கடியில் கிடந்தது. விடிகாலை நாலே முக்காலுக்கு ஒன்றைப் போட்டுக் கட்டிவிட்டு, மற்றதைக் கையில் எடுத்தவர், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அம்மா காப்பியோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து நாடி பார்த்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலோரம் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்து, "ஊருக்குக் கிளம்பினாரா?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு," என்றாள் அம்மா. "பழைய புத்தர் கோயிலுக்கு. மூணு நாள். கோயிலுக்குப் போறவருக்கு எதுக்கு ஷூ, வாசல்ல கழட்டத்தானே போறீங்கன்னு கேட்டேன். அதுதான் நான் கடைசியா பேசினது."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, ஒரு கடிகாரம், ஒரு விசில். விசில் ஊதினால் வண்டி கிளம்ப வேண்டும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கண்டக்டருக்குக் கல்யாணமே ஆனாலும் சரி, கிளம்பியாக வேண்டும். இப்படி ஊரையே அனுப்பிவைத்தவர், தான் எங்கேயும் போனதில்லை. ஓய்வு பெற்றதும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தார். அதில் பாழடைந்த புத்தர் கோயில்களின் படங்கள் இருந்தன. "இந்த மனுஷன் ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல உட்கார்ந்திருக்காரு பாரு," என்று மகளிடம் காட்டினார். "என்னை மாதிரியே. இவரை நேர்ல போய் ஒரு தடவை பார்த்துடணும்."

அதற்குத் திட்டம் போட ஏழு வருஷம் ஆயிற்று. பதினோரு தடவை திருத்தி எழுதினார். பஸ் டிப்போவின் டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு வைத்திருந்தார். '8.50 – செங்கல் தூபி. சுற்றிவர ஆறு நிமிடம். 8.56 – வியப்பு, நான்கு நிமிடம். 9.00 – புறப்பாடு.' பயணிகள் பட்டியலில் மூன்று பேர். ஒன்று, 'நான்'. இரண்டு, டிரைவர். மூன்று, மகள், அவளுக்கு எதிரே மட்டும் அடைப்புக்குறிக்குள் 'உறுதியில்லை'. பதினோரு தடவையும் அவளைக் கேட்டார். பதினோரு தடவையும் அவள் "அடுத்த தடவை பார்க்கலாம்ப்பா" என்றாள். "வரமாட்டேன்" என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், மனிதர் ஐந்தாவது திருத்தத்திலேயே கிளம்பிப் போயிருப்பார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இணைய இணைப்புக் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களின் புகார்களை போனில் கேட்பது அவள் வேலை. 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு சொற்களும் வாயில் வரவே கூடாது என்பது அங்கே முதல் நாள் பயிற்சி. ஒன்பது வருஷத்தில் அது வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட, "உப்பு வந்துட்டிருக்கு போல" என்பாள்.

சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லும் பொறுப்பை சித்தப்பா ஏற்றுக்கொண்டார். டாக்டர் போன கையோடு முதல் போனை டிரைவருக்குப் போட்டார். டிரைவர் அப்பாவின் நண்பர். நண்பர் என்றால், முப்பத்தொரு வருஷம் தினமும் இரண்டு நிமிடம் தாமதமாக வண்டியைக் கொண்டுவந்து அப்பாவிடம் திட்டு வாங்கியவர். போன் பேசிவிட்டு வந்த சித்தப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"என்ன நட்பு அண்ணி இது! அண்ணன் போயிட்டாருன்னு சொன்னேன். 'மணி ஆறு கூட ஆகல, அதுக்குள்ள போயிட்டாரா?'ன்னு கேட்டார். நாங்களும் எதிர்பார்க்கலன்னு சொன்னேன். 'என்னை விட்டுட்டா போனாரு?'ன்னு ஒரே கோவம். 'விடமாட்டேன், பின்னாடியே நானும் வர்றேன்'னு சொல்லி போனை வச்சுட்டார். கூடப்பிறந்தவன் எனக்கே அந்த எண்ணம் வரல பாருங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாடகைக்கு நாற்பது நாற்காலிகள் வந்து இறங்கின. ஒன்பது மணியாயிற்று. ஐந்து நாற்காலிகளில் ஆள் இருந்தது. அதில் ஒருவர் நாற்காலி கொண்டுவந்தவர்.

"முப்பது பேருக்கு மேல சொன்னேனே," என்று சித்தப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். "எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. சந்தோஷமா பேசினாங்கன்னு கூட சொல்லலாம்."

அப்போதுதான் அத்தை போன் செய்தாள். அப்பாவுக்கு அக்கா, காது கொஞ்சம் மந்தம். மகள் எடுத்தாள்.

"தம்பி போயிட்டானாமே! அப்பாடா! எத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தான். எனக்கு ஒரே நிம்மதியா இருக்கு."

"அத்தை..."

"ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனானா? மலை மேல குளிரும். வரும்போது ஒரு சின்ன புத்தர் பொம்மை வாங்கிட்டு வரச் சொல்லு."

மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழு வருஷமாக அப்பா பார்த்தவரிடமெல்லாம் போகிறேன் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். இன்றைக்கு ஒருவர் போன் பண்ணி, போய்விட்டார் என்றால், யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்?

"அத்தை, அப்பா தவறிட்டார்."

"பஸ்ஸையா? அதானே பார்த்தேன். அடுத்த வண்டி இருக்கும்ல?"

"அப்படி... அப்பா காலமாயிட்டார்."

"காலதாமதமா ஆனா என்ன? நிதானமா போகட்டும்."

'செத்துட்டார்' என்று சொன்னால் ஒரு நொடியில் முடிகிற விஷயம். ஆனால் அவள் வாயிலிருந்து, "வேற ஏதாவது தகவல் வேணுமா அத்தை?" என்றுதான் வந்தது. போனை சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

சித்தப்பாவுக்குத் தன் தவறு புரிந்ததும் ரோஷம் வந்துவிட்டது. வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "செத்துட்டாருங்க! ஆமா, செத்துட்டாரு! ஊருக்கெல்லாம் போகல, செத்துதான் போனாரு!" என்று தெருவே அதிரச் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லு," என்றாள் அம்மா மகளிடம். "அவர் காதுல விழப்போகுது."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்து, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, விக்கலாக முடிந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சரியாக அந்த நேரத்தில் டிரைவரின் மருமகள் ஓடிவந்தாள். "உங்க சித்தப்பா இப்பதான் போன்ல சொன்னாருங்க. ஐயோ, எங்க மாமா காலையிலயே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரே! 'என்னை ஏமாத்திட்டு முன்னாடி வண்டியில போயிட்டான், போய்ப் பிடிக்கிறேன்'னு கத்திக்கிட்டே போனாரு. போன் பண்ணினா சுவிட்ச் ஆஃப்."

போன் ஆஃபில்தான் இருக்கும். திட்டத்தின் ஏழாவது விதி அது: 'பயண நாட்களில் செல்போன் அணைக்கப்பட்டிருக்கும். புத்தரிடம் செல்போன் இல்லை.'

தகனத்துக்குச் சாயங்காலம் நாலு மணி என்று குறித்தாகிவிட்டது. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். "எப்படியாவது அந்த மனுஷனுக்குச் சொல்லிடு. அங்க போய் ஒவ்வொரு கோயிலாத் தேடிட்டு இருப்பார்."

"நான் சொல்றேன்," என்றார் சித்தப்பா.

"வேணாம் தம்பி. நீங்க பேசினா அவர் இன்னும் ரெண்டு ஊர் தள்ளிப் போயிடுவார்."

மகள் பையிலிருந்து திட்டத்தை எடுத்தாள். டிரைவர் எங்கே இருக்கிறார் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இந்தத் தாளுக்குத் தெரியும். அவரிடமும் இதன் நகல் ஒன்று இருந்தது. மணி பத்தரை. 'குகைக் கோயில். படிகள் இருநூற்று நாற்பது. டிரைவருக்கு முட்டி வலி, ஆகவே இருமுறை நிற்கவும்.' விரலைக் கீழே இறக்கினாள். '11.20 முதல் 11.35 வரை – காவலாளி அறையில் தண்ணீர் குடித்தல்.' பக்கத்தில் காவலாளியின் தொலைபேசி எண். அப்பா ஏற்கெனவே பேசி, பானையில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டு வைத்திருந்தார்.

ஐம்பது நிமிடம் அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கின. அத்தை அழுதுகொண்டே வந்து, "பொம்மை கேட்டேனே, பாவி நான் பொம்மை கேட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பதினொன்று இருபதுக்கு மகள் எழுந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து, எண்ணை அழுத்தினாள்.

"காவலாளி ரூமா? அங்க ஒருத்தர் தண்ணி குடிக்கிறாரா?"

"குடிக்கிறாரே," என்றது குரல். "ரொம்பக் கோவமா குடிக்கிறாரு. நீங்க யாரு?"

"அவர்கிட்ட குடுங்க."

டிரைவர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டார். "எங்கம்மா உங்க அப்பா? தூபியைச் சுத்திப் பார்த்தாச்சு, குகைக்குள்ள நுழைஞ்சு பார்த்தாச்சு, ஆளைக் காணோம். பின்னாடி வர்றவன் பார்த்துடுவான்னு எங்கயாவது ஒளிஞ்சு நிக்கிறாரா? அவர்கிட்ட சொல்லு. ஒரு நிமிஷம் பிசகல. எட்டு அம்பதுக்கு தூபி, கரெக்டா எட்டு அம்பது. பத்தரைக்குப் படியில கால் வச்சேன். என் சர்வீஸ்லயே முதல் தடவையா இன்னைக்குத்தான் சரியான நேரத்துக்கு வந்திருக்கேன். அதைப் பார்க்க அந்த ஆள் இல்ல!"

"இல்ல, மாமா," என்றாள் மகள்.

ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாக அவள் சொன்னதில்லை. அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது.

"அப்பா இல்ல. விடிகாலைல செத்துட்டாரு. ஷூ போட்டுட்டு இருந்தாரு, உங்ககூட வர்றதுக்கு. செத்துட்டாரு மாமா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை சத்தமாக வந்தது. அத்தை அழுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். போனில் காவலாளியின் குரல் கேட்டது. "என்னம்மா சொன்னீங்க? மனுஷன் தரையில உட்கார்ந்துட்டாரு."

பிறகு டிரைவர் வந்தார். குரல் சின்னதாகியிருந்தது. "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

"நாலு."

"இங்கேருந்து பஸ்ஸும் நாலு மணிக்குத்தான். வந்து சேர ஏழாயிடுமே."

மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, ஏழு மணி வரைக்கும் தள்ளி வைக்கலாமா?"

அம்மா கட்டிலின் பக்கம் திரும்பினாள். "அவர் தன் சர்வீஸ்ல யாருக்காகவும் வண்டியை நிறுத்தி வச்சதில்ல. அந்த மனுஷனுக்காகக் கூட. இன்னைக்கு நிறுத்தினா அவருக்கே பிடிக்காது," என்றாள். குரல் உடைந்தாலும் சொல்லி முடித்தாள்.

மகள் அதை அப்படியே சொன்னாள்.

"சரிதான்," என்றார் டிரைவர். "விசில் ஊதின பின்னாடி நிக்கச் சொல்றது தப்பு. ஒண்ணு பண்ணும்மா. போனை அவர் காதுல வை."

"மாமா..."

"வைம்மா. டிரிப் முடிச்சா டைம் கீப்பர்கிட்ட ரிப்போர்ட் சொல்லணும். சொல்லாம எந்த டிரைவரும் வீட்டுக்குப் போகக்கூடாது."

மகள் குனிந்து போனை அப்பாவின் காதோரம் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தார். முதலில் நேரங்களைச் சொன்னார். அப்புறம் பாறையில் செதுக்கிய ஒரு முகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். மூக்கு உடைந்திருக்கிறது, ஆனால் சிரிப்பு அப்படியே இருக்கிறது என்கிற மாதிரி காதில் விழுந்தது. மற்றது விட்டுவிட்டுத்தான் கேட்டது. குகைக்குள் குளிர்ச்சியாக இருந்தது என்று, நீங்கள் வந்திருந்தால் இரண்டு நிமிடம் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள் என்று, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, சொல்லிக்கொண்டே போனார்.

வாசலில் யாரையோ வரவேற்று உரக்கப் பேசிக்கொண்டே வந்த சித்தப்பா, உள்ளே பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மகளுக்குக் கை வலித்தது. மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அம்மா எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டு நடந்துபோய், சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.