ஒரு நேரச் சோறு

விசா வந்த அன்றைக்கே பாலேஸ்வரி பழையபடி சாப்பிடத் தொடங்கிவிடுவாள் என்றுதான் சிறிதரன் நினைத்திருந்தான். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. மெரிலேண்ட்ஸில் அவர்களைத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நிரந்தர விசா கிடைக்கும்வரை பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், பொழுதுபட ஒரு கிண்ணம் சோறு என்று பெருமாளுக்கு நேர்ந்து, பதினொரு வருஷம் அப்படியே இருந்த பெண், விசா கிடைத்ததும் என்ன செய்வாள்? சாப்பிடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வயிறு என்ன பூட்டின வீடா, திறப்பைப் போட்டதும் திறந்துகொள்ள என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சிறிதரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குசினிக்குள் நின்று தானே சமைத்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, அப்பளம். பாலேஸ்வரி கதிரையில் வந்து இருந்து, கும்பிட்டு, நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது வாய் இறங்கவில்லை. வயிறு கல்லாகிவிட்டது என்று போய்ப் படுத்தவள் பின்னேரம்தான் எழும்பினாள். மறுநாளும் அதே கதைதான்.

இந்த நேர்த்தி தொடங்கினபோது மகள் தாரகாவுக்கு ஐந்து வயது. மூன்று பேருமாகப் படகில் வந்து, முகாமில் இருந்து, வெளியே விட்ட பிறகு இரண்டு அறை வீட்டில் குடியேறியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாலேஸ்வரி இரண்டு டொலர் நாணயக் குற்றி ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, உப்புப் போத்தலுக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து ஒரு நேரச் சோறு. நாலாம் வருஷம் தற்காலிக விசாதான் கிடைத்தது. பெருமாளுக்குத் தான் கொடுத்தது போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தன் கிண்ணத்தை மாற்றிவிட்டாள். தாரகா சின்னப்பிள்ளையில் சாப்பிட்ட, வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் வந்தது. அதற்குள் எவ்வளவு சோறு கொள்ளும்? ஒரு பிடியும் இன்னொரு அரைப் பிடியும்.

இதையெல்லாம் சிறிதரன் தடுத்தானா என்றால், அதுதான் இல்லை. நல்ல மனிதன்தான், ஆனால் பயந்த மனிதன். சொல்லப்போனால் அவன் செய்தது தடுக்காமல் இருந்ததைவிட மோசம். விசா நேர்முகத்துக்குப் போகிற அன்று காலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டே அவளிடம், இன்றைக்கு அந்த ஒரு நேரத்தையும் விட்டுவிடுகிறாயா என்று கேட்டவன் அவன்தான். அவள் ஓம் என்று தலையாட்டினாள். அன்றிரவு அவள் வெறும் தண்ணீரோடு படுத்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் சிறிதரனுக்குத் தன் வாயிலேயே அடிக்க வேண்டும்போல இருக்கும்.

வெளியில் நாற்பது பாகை கொளுத்துகிற ஜனவரிக் கோடையிலும் பாலேஸ்வரி ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. சீப்பில் கற்றை கற்றையாகத் தலைமயிர் வந்தது. முப்பத்தெட்டு வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டிருந்தது; அதையும் அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, விரதத்துக்கு வசதி என்று இருந்துவிட்டாள். பழைய டொக்டர் வருஷத்துக்கு ஒருதரம் இரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் நோர்மல் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். விசாவுக்குப் பிறகு போன புது டொக்டர் அம்மாதான் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிஷத்துக்கு நாற்பத்துநாலு. எலும்பை ஸ்கேன் எடுத்தால் எழுபது வயதுக்காரியின் எலும்பு. உடனே உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் லக்ஷ்மிப்ரியா கோயம்புத்தூர்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் பேச்சில் நிதானம் இருந்தது. கதையைக் கடைசிவரை கேட்டாள். முகம் சுளிக்கவில்லை, சாமியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை.

"அக்கா, உங்க உடம்பு இன்னும் பஞ்சத்துல இருக்கிறதா நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் கொறச்சு வச்சிருக்கு. சூடு, முடி, நாடி, எல்லாமே. விசா வந்தது அதுக்குத் தெரியாது. தினமும் நேரத்துக்குச் சாப்பிட்டுத்தான் தெரிய வைக்கணும்."

ஒரேயடியாகச் சாப்பிடவும் கூடாது, அது ஆபத்து என்றாள். நாளுக்கு ஆறு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. வாரா வாரம் இரத்தப் பரிசோதனை, வாரா வாரம் அளவைக் கூட்ட வேண்டும். முதலில் கால் வீங்கும், முகம் ஊதும், நிறை ஏறும், அதைக் கண்டு பயந்து நிறுத்தினால் உடம்பு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று இரண்டு தரம் சொன்னாள். எவ்வளவு காலம் என்று சிறிதரன் கேட்டதற்கு, மாதக்கணக்கு, ஒருவேளை வருஷக்கணக்கு என்றாள்.

அந்த அட்டவணை பிரிஜ் கதவில் ஏறியது. சிறிதரன் வெதரில் பார்க்கில் ஒரு பண்டகசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அதிகாலையில் போனால் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொள்வான். உழுத்தம்மாக் களி, எள்ளுருண்டை, தேங்காய்ப்பால் விட்ட புட்டு. அவள் விழுங்கும்வரை எதிரில் கதிரையைப் போட்டு இருப்பான். தாரகா, இப்போது பதினாறு வயது, தகப்பன் தாயைக் காவல் காக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும், காலையில் பள்ளிக்கூடம் போக முதல் தாய்க்குப் பால் காய்ச்சிக் கொடுத்தது அவள்தான்.

மூன்றாம் வாரம் லக்ஷ்மிப்ரியா சொன்னது அப்படியே நடந்தது. கணுக்கால் வீங்கியது. மோதிரம் இறுகியது. நிறை நாலு கிலோ ஏறியது. அந்த நேரம் பார்த்து ஒரு பிறந்தநாள் விழா. ஹோலில் விக்னேஸ்வரி அன்ரி பாலேஸ்வரியைக் கட்டிப்பிடித்து, விசா வந்ததும் நல்லாய் உடம்பு வைத்துவிட்டாய், இப்போதுதான் பார்க்க ஆளாய் இருக்கிறாய் என்றார். அன்ரி பாவம், மனசாரச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். பிறகு இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பாலேஸ்வரி எல்லோருக்கும் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, குப்பைப் பையைக் கட்டப் போன சிறிதரனின் கையில் ஏதோ பாரமாய்த் தட்டுப்பட்டது. தேயிலைச் சக்கைக்கும் வாழைப்பழத் தோலுக்கும் கீழே, காகிதத்தில் சுற்றின புட்டு. அதற்குக் கீழே களி. அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்துச் சாப்பாடு எல்லாம் அங்கேதான் இருந்தது. பையைப் பிடித்தபடியே குசினி வாசலில் நின்றான். அவள் கண்டாள். பொய் சொல்லவில்லை.

"நான் பசி கிடந்துதான் இது எங்களுக்கு வந்தது. இப்ப வயிறு முட்டச் சாப்பிட்டா, தந்தவர் திருப்பி எடுத்துப்போடுவாரோ எண்டு பயமாக் கிடக்கு. சிற்றிசன் இன்னும் வரேல்லைத்தானே."

விசா தந்தது அரசாங்கம், சட்டம் மாறினது, ஆயிரக்கணக்கான பேருக்குக் கிடைத்தது, அவர்கள் எல்லோரும் பட்டினியா கிடந்தார்கள் என்று சொல்ல வாய் எடுத்தான் சிறிதரன். அந்த நேர்முகத்து நாள் காலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு அவளை அப்படி நம்பவைத்தவன் இன்றைக்கு எந்த முகத்தோடு இல்லை என்பான்? பையைக் கட்டிக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தான்.

அடுத்த கிழமை வேலையில் அவனுக்கு நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு வந்தது. மனேஜர் பயந்துபோய் டொக்டரிடம் அனுப்பினார். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை, வாய்வும் கண்டபடி யோசிக்கிறதும்தான் என்று காகிதமும் தந்து விட்டார்கள். அந்த மட்டில் வீட்டுக்கு வந்து ரீ குடித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கார் ஓட்டிக்கொண்டு வரும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது, அது நல்ல யோசனை என்றும் பட்டது.

"எனக்கு நெஞ்சு பலவீனமாம். யோசனையாலை வந்ததாம். நீ இப்பிடிச் சாப்பிடாமல் கிடந்தா என்ரை நெஞ்சு தாங்காதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

பாலேஸ்வரி ஓவென்று அழுதாள். பதினொரு வருஷத்தில் அவன் பார்க்காத அழுகை. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, அவன் போட்ட சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். ஆறு தரமும் சாப்பிட்டாள். இரண்டு கிழமையில் நாடி ஐம்பத்திரண்டுக்கு ஏறியது. லக்ஷ்மிப்ரியா சந்தோஷத்தில் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்து, சூடு வந்திருக்கிறது என்றாள். சிறிதரன் தானும் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான். உண்மைதான். தான் சொன்னது பொய்யானாலும் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தாரகாவிடம் மட்டும் ஈசிஜி காகிதத்தைக் காட்டி, அம்மாவிடம் சொல்லாதே என்றான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை நேர்த்தியை நிறைவேற்ற ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். தாரகா ஓட்டப் பழகுகிறவர்களுக்கான எல் பலகையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டினாள், பக்கத்தில் சிறிதரன் காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தான். காலையில் ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவன் கேட்டதற்கு, கோயிலுக்குப் போய்விட்டு என்றாள் பாலேஸ்வரி. அது நியாயம்தானே என்று விட்டுவிட்டான். பின்னால் இருந்து அவள் நெடுக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

உள்ளே கும்பிட்டு முடிந்ததும், பதினொரு வருஷம் உப்புப் போத்தலுக்குப் பின்னால் கிடந்த முடிச்சை உண்டியலில் போட்டாள். துணி மஞ்சளே இல்லாமல் நரைத்துப் போயிருந்தது. சிறிதரனுக்குக் கண் கலங்கியது. இத்தோடு தொலைந்தது சனியன் என்று நினைத்தான், பிறகு சந்நிதியில் சனியன் என்று நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் ஆறுதலாக வரட்டும் என்று அவன் சாப்பாட்டு இடத்தில் வரிசையில் போய் நின்று, புளியோதரையும் தயிர்ச்சோறும் மூன்று தட்டில் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான்.

பாலேஸ்வரி வந்து இருந்தாள். தன் தட்டை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள். அப்போதுதான் அவளுடைய மடியில், கைப்பையின் வாயில் செருகியிருந்ததை அவன் கண்டான். புதுத் துணி. பளிச்சென்ற மஞ்சள். உள்ளே குற்றியின் வட்டம் தெரிந்தது.

என்ன இது என்று கேட்டான். அவனுடைய நெஞ்சு சுகமாகும் மட்டும் என்றாள். பொழுதுபட ஒரு கிண்ணம், பழையபடி. இந்த இரண்டு கிழமையும் தான் சாப்பிட்டும் அவனுடைய முகத்தில் வாட்டம் போகவில்லை என்றும், டொக்டர்மாரால் ஆகிற காரியமில்லை என்று விளங்கிவிட்டது என்றும் சொன்னாள். விசாவே தந்தவர் இதைத் தரமாட்டாரா?

சிறிதரன் தட்டைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினான்.

"ஈஸ்வரி, நான் பொய் சொன்னனான். எனக்கு ஒண்டுமில்லை. வாய்வு. நீ சாப்பிடவேணும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல ஒரு பரிவு.

"எனக்காண்டி இப்பிடிச் சொல்லுவியள் எண்டு தெரியும்."

தாரகா கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு, அப்பா உண்மையிலேயே பொய்தான் சொன்னார், ரிப்போர்ட்டை நானே வாசித்தேன் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னாள். பாலேஸ்வரி மகளின் தலையைத் தடவி, உன்னையும் சொல்லப் பழக்கிவிட்டாரா என்றாள். சிறிதரன் எழும்பிக் காருக்கு ஓடிப்போய், கதவுப் பெட்டியில் கிடந்த ஈசிஜி காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் விரித்தான். நோர்மல் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினான்.

அவள் அதைக் கவனமாக, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு நாலாக மடித்து அவனுடைய சட்டைப் பையில் வைத்தாள்.

"எனக்கும் உப்பிடித்தானே வருஷாவருஷம் எழுதித் தந்தவை."

இன்னொரு பொய் சொல்லலாம், ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது அவளுடைய கிண்ணத்தில்தான் போய் முடியும். உண்மையையோ அவள் இனி நம்பப் போவதில்லை.

"எந்தக் கிண்ணம்? அந்த வாத்துக் கிண்ணமோ?" என்று கேட்டான்.

அவள் ஸ்வெட்டர்க் கையை இழுத்து விரல்களை உள்ளே விட்டுக்கொண்டாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. சாப்பிட்டாத்தான் நெஞ்சுக்குப் பெலன்."

அவனுக்குப் பசியே இல்லை. ஆனால் சாப்பிடாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று நினைப்பாள். அந்த ஒரு கிண்ணத்திலும் பாதியைக் குறைத்துவிடுவாள். சிறிதரன் தட்டை இழுத்தான். புளியோதரையைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு அவளுடைய தட்டையும் எடுத்துத் தயிர்ச்சோற்றைப் பிசைந்து, வாய் வாயாக, அவள் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டான்.