புத்தகத்தில் இல்லாத மொட்டை

உஷாராணி வாங்கி வைத்திருந்த வளர்ப்புப் பெற்றோர் வழிகாட்டியைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். எழுதியவர் பனி கொட்டும் ஊர்க்காரர் போலிருக்கிறது. பிள்ளையோடு நெருப்பருகே உட்கார்ந்து சூடான சாக்லேட் குடியுங்கள் என்று ஓர் அத்தியாயம் முழுக்க உபதேசம். அவள் வாழும் பண்டமாரானில் அடிக்கிற வெக்கைக்கு, காற்றாடி நின்றாலே உயிர் போய்விடும். ஆனாலும் அவள் விடாமல் படித்தாள். காரணம், சிந்துவின் பை.

எட்டு வயது சிந்து, பிள்ளைகள் இல்லத்திலிருந்து இவர்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கொண்டுவந்த பையை இன்னும் பிரிக்கவில்லை. அது வாசல் கதவோரத்திலேயே இருந்தது. துவைத்த சட்டை கொடியிலிருந்து நேராக அதற்குள் போகும். அவளுக்காக வாங்கிய புது அலமாரியில் பல்லிதான் குடியிருந்தது.

பையைத் தொடாதீர்கள், காத்திருங்கள் என்றது புத்தகம். துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் உஷாராணி, லோரி தாமதமானால் போனிலேயே ஆளை வறுத்தெடுப்பவள். அந்தப் பையிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது ஒரு நாள் காலியாக வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து வேண்டுதல் ஒன்று கிளம்பியது. பிள்ளை வந்தால் பத்துமலையில் அதற்கு மொட்டை போடுகிறேன் என்று அவள் கணவன் கமலநாதன் முருகனிடம் எப்போதோ வாய் விட்டிருந்தான். அவனே மறந்துவிட்டான். அவன் அக்கா சீதாலெட்சுமி மறக்கவில்லை. அடுத்தவர் வேண்டுதலை ஞாபகம் வைத்திருப்பதுதான் பக்தி என்று நினைக்கும் ரகம்.

"சாமி விஷயத்துல வெளையாடக்கூடாது லா தம்பி. அப்புறம் பிள்ளைக்குத்தான் ஏதாச்சும் ஆவும்" என்றார்.

உஷாராணி புத்தகத்தைப் புரட்டினாள். பொய் சொல்லும் பிள்ளை, படுக்கையை நனைக்கும் பிள்ளை, எல்லாவற்றுக்கும் அத்தியாயம் இருந்தது. மொட்டைக்கு இல்லை. பிள்ளையின் முடியைத் தொடுமுன் கேளுங்கள் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. கேட்ட மாதிரியும் இருக்க வேண்டும், பிள்ளை மாட்டேன் என்று சொல்லிவிடவும் கூடாது. ஆகவே, "பத்துமலைக்குப் போய்ட்டு வரலாமாம்மா?" என்று கேட்டாள். சிந்து தலையாட்டினாள். கேட்டாயிற்று என்று உஷாராணி தன் மனசாட்சிக்கே நாமம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மைவி காரில் ஏறினார்கள். சிந்து மடியில் பையோடு ஏறினாள்.

மலையடிவாரத்தில் மொட்டை போடும் இடத்தில் அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முடி வெட்டுபவர் தலையில் தண்ணீர் தெளித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"புது வீடு எங்க ஆன்டி? தூரமா?"

"என்ன புது வீடு?"

"மொட்டை அடிச்சா அனுப்பிருவாங்கதானே? மொதல்ல இருந்த வீட்டுல பேன் இருக்குன்னு அடிச்சாங்க. அப்புறம் ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க."

பஸ் நேரம் விசாரிப்பது போல அவள் அதைக் கேட்டாள். உஷாராணிக்கு அவமானமாக இருந்தது. அங்கேயே தன் கன்னத்தில் ரெண்டு போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது.

"எந்திரிம்மா. ஒன்னையும் அனுப்பல, ஒன் முடியையும் எடுக்கல."

"வேண்டுதல் என்னாவறது?" சீதாலெட்சுமி குரலை உயர்த்தினார்.

"நான்தானே வேண்டுனேன்" என்று கமலநாதன் முக்காலியில் உட்கார்ந்தான். நல்ல மனசுதான். முடிதான் இல்லை. காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம்.

முடி வெட்டுபவர் சுற்றி வந்து பார்த்தார். "Boss, இதுக்கு கத்தி எதுக்கு? துண்டால தொடச்சாலே போயிரும்."

"முருகனையே ஏமாத்தப் பாக்குறியாடா?" என்றார் அக்கா.

உஷாராணி தன் பின்னலைத் தடவினாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். அழகென்று அவள் தன்னிடம் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். கல்யாண வீடுகளில் வேண்டுமென்றே முன்வரிசையில் உட்காருவாள், பின்னால் இருப்பவர்கள் பார்க்கட்டுமென்று.

"தள்ளுங்க."

"உஷா, வேணாம் லா."

"முருகனுக்கு முடிதானே வேணும்? இந்தாங்க, தாராளமா எடுத்துக்கட்டும்" என்று உட்கார்ந்தாள். கத்தி பட்டதும் அழுகை வந்தது. சாமி மேல் பழி போட்டுக்கொண்டு நன்றாகவே அழுதாள்.

சந்தனம் பூசிய தலையோடு அவள் அர்ச்சனை முடித்துக் கார் நிறுத்திய இடத்துக்கு வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஜன்னல் கண்ணாடியில் உரித்த ரம்புத்தான் பழம் ஒன்று அவளைப் பார்த்தது. முதலில் ஏறிய சிந்து பின் இருக்கையில் பையின் ஜிப்பைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைகள், பல்துலக்கி, கையில்லாத பொம்மை. அடியிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பி வந்தது.

"போட்டுக்குங்க ஆன்டி. வெயில்ல எரியும்."

தொப்பி உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது. சிந்து அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஒங்கள எங்கயும் அனுப்ப மாட்டாங்கதானே?"

"எவன் அனுப்புவான்? வரச் சொல்லு, பாக்கலாம். நீயும் நானும் பண்டமாரான்லதான்."

சிந்து சட்டைகளை மறுபடி பைக்குள் வைக்கவில்லை, இருக்கையிலேயே மடித்து வைத்தாள்.

அதற்குள் சீதாலெட்சுமி, அர்ச்சனைத் தேங்காயும் பழமும் கையை விட்டு நழுவ, வெயிலில் நின்று முணுமுணுத்தார். "இத்தன பேரு வந்தீங்க, ஒருத்தருக்காச்சும் ஒரு பை எடுத்துட்டு வரத் தோணுச்சா?"

"இந்தாங்க ஆன்டி" என்று சிந்து தன் காலிப் பையை அவரிடம் நீட்டினாள்.