அக்கா பேச்சைக் கேட்டவன்

சலவைக் கடை நடத்திய அக்காவும் தம்பியும் கீரியும் பாம்பும்தான். சட்டையில் முதலில் கழுத்தைத் தேய்ப்பதா, கையைத் தேய்ப்பதா என்பதற்கே மல்லுக்கு நிற்பார்கள். அவன் கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள்.

ஒருநாள் அவனுக்குக் கடல் தாண்டி ஒரு ஹோட்டலில் சலவை வேலை கிடைத்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நான் போகலக்கா. உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்றான்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "நீ இங்க இருந்து என்னத்தக் கிழிக்கிற? போய்த் தொலை."

பதிலுக்குக் கத்துவான் என்று காத்திருந்தாள். அவனோ "சரிக்கா" என்றான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் சொன்னதைக் கேட்டான். அடுத்த மாதமே விமானம் ஏறினான்.

இப்போது வாரம் தவறாமல் ஃபோன் செய்து, விருந்தாளியைப் போல மரியாதையாக நலம் விசாரிக்கிறான். அவளும் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்க்கிறாள்.

"அங்க போனதும் பெரிய துரைன்னு நினைப்பாடா?"

"இருக்கும்க்கா" என்கிறான்.

அன்றைக்குச் சும்மாதான் சொன்னேன் என்ற ஒரு வரி மட்டும், ஒவ்வொரு வாரமும் அவள் தொண்டைவரை வந்து திரும்பிப் போகிறது.