நாம என்று எழுதுகிறவள்

சுபாஷினியின் சமையல் வீடியோக்களில் சட்டியைக் கிண்டுகிற கை சுபாஷினியுடையது அல்ல. அது தனுஜாவின் கை. சுபாஷினி நகத்தை நீளமாக வளர்த்துச் சாயம் பூசியிருப்பதால் கரண்டி பிடிக்க வசதிப்படாது. கேமரா முகத்தை விட்டு அடுப்புக்கு இறங்கும்போது தனுஜா அவளுடைய வளையல்களை வாங்கி மாட்டிக்கொண்டு கிண்டுவாள். இரண்டு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கிண்டுவது அவளுடைய வேலைகளில் மிகச் சிறியது. ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் சுபாஷினியின் வீடு. ஓர் அறையில் கட்டிலை எடுத்துவிட்டு விளக்குகளை நட்டு வைத்திருந்தார்கள். காலையில் போனதும் சேலைக்கு இஸ்திரி போட வேண்டும். பிறகு அன்றைக்குப் படம் எடுக்க வேண்டிய கடைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். போன் போட்டுப் பேசுவது சுபாஷினியின் கணவன் லோகேஸ்வரனின் வேலை. கார் ஓட்டுவது, கேமரா பிடிப்பது, வெயில் ஏறினால் மனைவிக்குக் குடை பிடிப்பது, கடை காலியாக இருந்தால் வாடிக்கையாளர் போலப் பின்னால் நடப்பது எல்லாம் அவன்தான். ஒரே வீடியோவில் மூன்று சட்டை மாற்றி நடந்திருக்கிறான். எடுத்து முடித்தபின் ஆறிப்போன சாப்பாட்டை அவனும் தனுஜாவும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சுபாஷினி முதல் வாயோடு நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் சாப்பிட்டால் உதட்டுச் சாயம் கலைந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் வெட்டி ஒட்டுவது, எழுத்துப் போடுவது, கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்களை அழிப்பது. இதெல்லாம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் இன்பாக்ஸ் ஒன்று இருக்கிறது.

பார்க்கிறவர்கள் சுபாஷினிக்குத் தனியாக அனுப்புகிற செய்திகள் அங்கே வந்து விழும். ஒரு நாளைக்கு முந்நூறுக்குக் குறையாது. அத்தனைக்கும் சுபாஷினியாக இருந்து பதில் எழுதுகிறவள் தனுஜா.

அவளுக்கு வயது பத்தொன்பது. படிவம் நான்கில், பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாசிக்கச் சொல்லும் பாடம் உள்ள நாட்களில் போகாமல் இருந்தாள், பிறகு மற்ற நாட்களிலும் போகவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் விரல்களுக்குக் கூச்சம் கிடையாது. அதைப் பார்த்துத்தான் சுபாஷினி அவளை எடுத்துக்கொண்டாள். முதல் நாளே ஒரு விதியும் சொன்னாள்.

"'நீங்க போய்ப் பாருங்க'ன்னு எழுதாத. கடைக்காரன் பேசற மாதிரி இருக்கு. 'நாம போய்ப் பார்ப்போம்'னு எழுது. 'நீங்க தண்ணி குடிங்க' வேணாம், 'நாம தண்ணி குடிப்போம்'. நாமன்னா வீட்டு ஆள் மாதிரி லா. புரியுதா?"

தனுஜா தலையாட்டினாள். அன்றிலிருந்து யார் யார் வீட்டிலோ நாம காய்ச்சலுக்கு மருந்து போட்டோம், நாம பிள்ளையை அடிக்காமல் சோறு ஊட்டினோம், நாம மாமியார் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தோம். கொஞ்ச நாளில் அவளுக்கு அது யோசிக்காமலே வந்தது.

இன்பாக்ஸுக்கு எழுதுகிறவர்களில் ஒருத்தி சந்திரிகா. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்கிறவள். வயது ஐம்பதை நெருங்குகிறது. கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை, தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். இவ்வளவும் அவளே எழுதியதுதான். முகத்தைத் தனுஜா பார்த்ததில்லை. படம் வைக்கும் இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. தினமும் காலையில் "சுபாம்மா, பசியாறிட்டியா?" என்று கேட்பாள். முந்நூறில் தனுஜா முதலில் திறப்பது அந்தச் செம்பருத்தியைத்தான்.

போன தீபாவளி சமயத்தில் சந்திரிகா ஒன்று எழுதினாள். இடது மார்பில் வேர்க்கடலை அளவு ஒரு கட்டி. கிளினிக்கில் பார்த்துவிட்டுத் சுபாஷினி இருக்கிற தீவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். முதல் தேதிக்குக் காய்ச்சல் என்று சொல்லி மாற்றினாள். இரண்டாவது தேதிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி மாற்றினாள். லீவு கேட்கவே இல்லை என்பது சுபாஷினியின் இன்பாக்ஸுக்கு மட்டும் தெரியும். தம்பிக்குக் கட்டியே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை செய்தி வந்தது. "இந்த வியாழன் வரச் சொல்லிட்டாங்க சுபாம்மா. நெனச்சாலே பயமா இருக்கு."

தனுஜா அப்போது ஒரு மீ நூடுல்ஸ் கடை வீடியோவுக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி எழுதினாள். "பயப்படாதீங்க அக்கா. வியாழக்கிழமை நாம போய்ப் பார்த்துடலாம்." அனுப்பிவிட்டு மீ கடைக்குத் திரும்பினாள்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "நீ கூட வரியா? சத்தியமா? அப்பன்னா போறேன்மா. எட்டு மணி ஃபெரியில வரேன். நீ படகுத்துறையில நில்லு. உன்ன நேர்ல பாக்கப் போறேன்னு நெனச்சா பயம்கூட குறைஞ்சிருச்சு."

தனுஜா தான் எழுதியதை மறுபடி படித்தாள். எழுத்துப்பிழை இல்லை. படித்தவள் தப்பாகவும் படிக்கவில்லை. நாம என்று எழுதினால் எழுதியவளும் போகத்தான் வேண்டும். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அதை அப்படியே எடுத்துக்கொள்ளாததுதான் அதிசயம்.

சுபாஷினி கண்ணாடி முன்னால் ஒட்டு இமையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். தனுஜா போனை அவளுக்கு முன்னால் நீட்டினாள். சுபாஷினி ஒற்றைக் கண்ணால் படித்தாள்.

"யாரு இது?"

"சந்திரிகாக்கா. டெய்லி எழுதுவாங்க."

"வியாழன் துணிக்கடை ஷூட்டு. மூணு மாசமா கெஞ்சி வாங்குனது. அங்க போறதா, ஆஸ்பத்திரி போறதா? ஏன்டி இப்படி எழுதுன?"

"நீங்கதான நாமன்னு எழுதச் சொன்னீங்க."

லோகேஸ்வரன் கேமரா பேட்டரியைச் சொருகிக்கொண்டே சிரித்தான். "கரெக்டுதான். போன மாசம் 'நாம அஞ்சு கிலோ குறைச்சுட்டோம்'னு போட்டா. நான் எங்க குறைஞ்சேன்? என்னையும் சேத்துத்தான சொன்னா?"

"நீங்க சும்மா இருங்க. மூணு பேர் பண்ற வேலைய ஒருத்தி மூஞ்சில காட்டணும்னா அப்படித்தான் பேசணும்." சுபாஷினி இரண்டாவது இமையையும் ஒட்டி முடித்துவிட்டுப் போனைக் கையில் வாங்கினாள். "பாவமாத்தான் இருக்கு. வேற நாளா இருந்தா கேமராவோடயே போயிருக்கலாம், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும். சரி, வாய்ஸ் போட்டுடறேன்."

அவள் குரல் பதிவு செய்தாள். அக்கா என்று கூப்பிட்ட இடத்தில் குரல் லேசாக உடைந்தது. வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டாள், தைரியம் சொன்னாள், சாமியை வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். ஒரே டேக்கில் வந்தது. அவள் கெட்டிக்காரிதான்.

சந்திரிகாவின் பதில் உடனே வந்தது. "ஐயோ, இதுக்கு ஏம்மா அழற? பரவால்ல. நான் தேதிய மாத்திக்கிறேன். உனக்கு எப்ப முடியுமோ அப்ப போவோம்."

"பாரு, அவங்களே மாத்திக்கிறேன்னு சொல்லிட்டாங்க" என்று சுபாஷினி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏற்கெனவே ரெண்டு தடவ மாத்திட்டாங்கக்கா" என்றாள் தனுஜா.

சுபாஷினி வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அதுக்கு நான் என்ன பண்றது, நீயே சொல்லு. நம்மகிட்ட எழுதறவங்கள்ல பத்துப் பேரு ஆஸ்பத்திரியில இருப்பாங்க. பத்துப் பேருக்கும் நான் போக முடியுமா? நல்லதா நாலு வார்த்தை எழுதி விடு. ஆனா ஒண்ணு, நீதான் எழுதறேன்னு மட்டும் யாருக்கும் மூச்சு விடாத. அது வெளிய போச்சுன்னா என் பேரு நாறிடும்."

செவ்வாய்க்கிழமை தனுஜா நல்லதாக நாலு வார்த்தை எழுதினாள். பிறகு விதியை மீறி, "போங்க அக்கா, தள்ளிப் போடாதீங்க" என்று எழுதினாள். "நீ இல்லாம என்னால முடியாதும்மா" என்று வந்தது. மறுநாள் மத்தியானமும் அதையே எழுதினாள். மத்தியானம் சந்திரிகாவுக்கு ஓய்வு நேரம். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மாத்திடறேன்" என்று வந்தது.

தனுஜா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினாள்.

"அக்கா, நான் சுபாஷினி இல்ல. என் பேரு தனுஜா. அவங்ககிட்ட வேலை செய்றேன். முதல்லேர்ந்து உங்களுக்கு எழுதறது நான்தான். தேதிய மாத்தாதீங்க. நாளைக்கு எட்டு மணிக்கு நான் படகுத்துறையில நிப்பேன். மஞ்சள் பை வச்சிருப்பேன்."

படித்துவிட்டதற்கான அடையாளம் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் வரை வரவில்லை. அவள் மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் லோகேஸ்வரனுக்கு "அண்ணே, இன்னைக்கு வரல" என்று செய்தி அனுப்பிவிட்டு படகுத்துறைக்குப் பஸ் ஏறினாள். எட்டு மணி ஃபெரி வந்தது. முதலில் மோட்டார் சைக்கிள்கள் இரைந்துகொண்டு வெளியேறின. பிறகு நடந்து வருகிறவர்கள். தொழிற்சாலைச் சட்டைகள், பள்ளிப் பைகள், காய்கறிக் கூடைகள். மஞ்சள் பையை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் நிற்கவில்லை. அடுத்த ஃபெரி வரும்வரை அங்கேயே நின்றாள்.

அடுத்த ஃபெரியில் கடைசியாக இறங்கிய ஒரு பெண்மணி பையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். குட்டையான, தடித்த உருவம். விசேஷத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள்.

"நீதானா?"

தனுஜா தலையாட்டினாள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? எழுதறப்ப மட்டும் அவ்வளவு வாய் பேசுற."

"நான்தான்."

"வயசு என்ன உனக்கு?"

"பத்தொம்பது."

"முருகா!" சந்திரிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எம் புருஷன் குடிச்சிட்டு விழுந்தது, தம்பி பொண்டாட்டி பேசுனது, மாருல கட்டி... எல்லாத்தையும் ஒரு சின்னப் பிள்ளைகிட்டயா கொட்டிட்டு இருந்தேன்? அக்கா அக்கான்னு வேற எழுதுன. நான் உனக்கு அக்காவா? உங்கம்மாவுக்கு அக்கா மாதிரி இருக்கேன்!"

தனுஜா மஞ்சள் பையைக் கீழே இறக்கினாள்.

"அந்தப் பொண்ணு நான் எழுதுனதுல ஒண்ணயாவது படிச்சிருக்கா?"

பொய் சொல்ல இடமிருந்தது. தனுஜாவுக்கு அது தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழம நான் காட்டுனேன்."

சந்திரிகா திரும்பினாள். ஃபெரிக்குப் போகிற வாசலை நோக்கி நான்கடி நடந்தாள். அங்கே போகிற கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. போனை எடுத்து எழுதி அனுப்பலாமா என்று தனுஜாவுக்குத் தோன்றியது, அதுவும் வேண்டாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு பின்னாலேயே போனாள்.

"ஆஸ்பத்திரியில ஒம்பது மணிக்கு மேல நம்பர் குடுக்க மாட்டாங்க" என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிட அதிகமாக வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது?"

"இன்னைக்கு விட்டா அடுத்த தேதி எப்பன்னு தெரியாது. நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன்." அது அவள் வாழ்க்கையில் தானாக ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசிய முதல் தடவை. அதை அவள் சொல்லவில்லை. "திட்டணும்னா பஸ்ஸுல திட்டுங்க. பஸ் நிக்குது."

சந்திரிகா பஸ்ஸைப் பார்த்தாள். கடல் பக்கம் பார்த்தாள். பிறகு தனுஜாவை இடித்துக்கொண்டு முன்னால் போய் ஏறினாள்.

பஸ்ஸில் திட்டினாள். கொம்தார் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறியபோது நிறுத்தினாள், கதவு மூடியதும் தொடர்ந்தாள். அடுத்தவர் பெயரில் ஆறுதல் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும் என்றாள். தேங்காய்ப்பால் திரிந்துவிடுகிறது என்று கேட்டபோது பதில் எழுதியதும் நீதானா, அந்தக் குழம்பு நன்றாக வரவில்லை என்றாள். தனுஜா ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

நம்பர் கிடைத்தது. நாற்பத்தொன்று. இரும்பு நாற்காலிகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். முப்பத்தாறு ஓடிக்கொண்டிருக்கும்போது தனுஜாவின் போனில் இன்பாக்ஸ் தானாக மூடிக்கொண்டது. கடவுச்சொல்லைக் கேட்டது, அவளுக்குத் தெரிந்த கடவுச்சொல்லை ஏற்கவில்லை. அவள் வராததால் சுபாஷினி இன்று தானே திறந்து பார்த்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் லோகேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது.

"என்ன தங்கச்சி எழுதி வச்சிருக்க? படிச்சிட்டு அழுதுட்டா. இனிமே வர வேணாம்னு சொல்லச் சொன்னா. கிண்டற ஷாட் நாலு பாக்கி இருக்கு. நானா கிண்டறது?"

தனுஜா அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"என்ன?" என்றாள் சந்திரிகா.

"வேலை போச்சு."

"என்னாலயா?"

"நான்தான எழுதுனேன்."

சந்திரிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முப்பத்தேழு, முப்பத்தெட்டு இரண்டு பேரும் வராததால் நம்பர் சட்டென்று தாண்டி ஓடியது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். தனுஜா அதைப் பார்த்தாள். என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

நாற்பத்தொன்று விழுந்தது. நர்ஸ் மிசி ஒருத்தி அட்டையோடு வந்து கூட வந்தது யார், சொந்தமா என்று மலாய் மொழியில் கேட்டாள். சந்திரிகா தனுஜாவை நோக்கி முகவாயை நீட்டிக் காட்டினாள். சொந்தமா என்ற கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன் பையைத் தனுஜாவின் மடியில் வைத்தாள்.

"இன்னும் திட்டி முடிக்கல. எங்கயும் போய்டாத, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு மிசியின் பின்னால் உள்ளே போனாள்.