மாதா விளக்கின் ப்ளக்

தோட்டவெளி ஊரில் தண்ணீருக்குச் செபமாலை மாமாவைப் போல மரியாதை கொடுக்கிற மனிதர் இன்னொருவர் இல்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பதினெட்டு வருடம் குடத்தோடு வரிசையில் நின்றவர். ஊருக்குத் திரும்பி வீடு கட்டியபோது முதலில் எழுப்பியது தண்ணீர்த் தாங்கியைத்தான்; சுவரெல்லாம் அதற்குப் பிறகு. போன வருடம் குடும்பமே மடு மாதா திருவிழாவுக்குப் போயிருந்த நேரம் குழாய் ஒன்று கழன்று வீடு குளமாகிப் போனது. எதற்கும் அழாத மனிதர் அன்றைக்கு அழுதார். சாமான் நனைந்ததற்கல்ல, ஒரு தாங்கித் தண்ணீர் வீணாய்ப் போனதற்கு.

கேள்விப்பட்ட கனடாத் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். கள்ளன் வந்தால் கத்துகிற அலாரம், தரையில் ஈரம் பட்டால் கண்டுபிடிக்கிற சின்ன வட்டுகள், ஈரம் கண்டதும் தாங்கித் தண்ணீரைத் தானாகவே பூட்டுகிற மோட்டார் வால்வு, எல்லாம் அதற்குள் இருந்தன. பொருத்தத்தான் ஆளில்லை.

அப்படித்தான் மதுஷிகாவுக்கு அழைப்பு வந்தது. வயது இருபத்து நாலு. கையில் மின்வேலைச் சான்றிதழ், வாசலில் பழைய ஸ்கூட்டி. வேலைதான் ஒன்றும் வந்து சேரவில்லை. பொம்பிளைப் பிள்ளை வயர் இழுத்தால் வீடு எரியும் என்று ஊர் ஏனோ முடிவு கட்டியிருந்தது.

“முதல்ல இதைப் பூட்டு பிள்ளை,” என்றார் செபமாலை. “இது ஒழுங்கா வேலை செய்தா, மகளின்ர கலியாணத்துக்கு லைற் போடுறதும் நீதான். இல்லாட்டி டவுணில இருந்து ஆள் எடுப்பன்.”

கலியாணம் உயிர்த்த ஞாயிறுப் பாஸ்காவுக்கு மறுநாள், திங்கட்கிழமை. பந்தல் முழுக்கத் தன் கையால் விளக்கு எரிந்தால் ஊர் வாய் தானாக மூடும் என்று மதுஷிகாவுக்குத் தெரியும். அந்தக் கலியாணம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கனடா அடப்ரரை இங்கத்தைய கரண்டில் குத்தினால் புகைதான் வரும். அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கினாள். கரண்ட் போனால் ஓர் இரவுக்குத் தாங்க ஒரு பற்றரியும் வைத்தாள். வால்வைத் தாங்கிக்குக் கீழே, பன்னிரண்டு அடி உயரத்தில் பொருத்தி, வயரைப் பின்சுவர்ப் பெட்டிக்கு இறக்கினாள். மிஞ்சியது ஒரே கேள்வி: எந்த ப்ளக்கில் குத்துவது?

செபமாலையின் மனைவி மெற்றில்டா மாமிக்குக் கை சும்மா இராத வருத்தம். கண்ட ப்ளக்கை எல்லாம் அணைத்துக்கொண்டு திரிவார். பிரிஜ்கூடத் தப்பாது. வீட்டில் அவர் தொடாத ப்ளக் ஒன்றே ஒன்று. மாதா சுரூபத்துக்கு முன்னால் இரவு பகலாக எரியும் சின்னச் சிவப்பு விளக்கின் ப்ளக்.

“உதை நான் ஒருநாளும் அணைக்கிறேல்லைப் பிள்ளை,” என்று மாமியே சொன்னார். மதுஷிகா விளக்கோடு சேர்த்து அதே ப்ளக்கிலேயே குத்தினாள். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்தார்கள். வால்வு ‘கிர்ர்’ என்று பூட்டியது. செபமாலையின் முகம் விளக்கைவிடப் பிரகாசமாக எரிந்தது.

பெரிய வெள்ளி பிற்பகல். கோயில் நிறைந்து வழிந்தது. பாடுகளின் வரலாற்றை வாசித்த சுவாமியார், ஆண்டவர் உயிர்விட்ட இடத்தில் நிறுத்தினார். எல்லாரும் முழந்தாளிட்டார்கள். மதுஷிகா தலையை நிமிர்த்தினாள். சுரூபங்கள் ஊதாத் துணிக்குள் இருந்தன. ஒருநாளும் அணையாத பீட விளக்கு, ஆண்டவரின் துக்கத்துக்காக வியாழன் இரவே அணைக்கப்பட்டிருந்தது.

கோயிலில் அணைத்தால் மாமி வீட்டில் விடுவாரா? வியாழன் மாலை பூசை முடிந்து போனதுமே மாதாவை மூடி, விளக்கையும் அணைத்திருப்பார். பற்றரி ஓர் இரவுக்குத்தான், விடியவே செத்திருக்கும். வீட்டில் ஒரு குருவியும் இல்லை. அறையில் பாய் விரித்து, கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நானூறு கேக் பெட்டிகள் அடுக்கியிருந்ததை அவள்தான் கண்ணால் கண்டிருந்தாளே! எல்லாரும் வரிசையில் போய்ச் சிலுவையை முத்தமிடுகிற சிலுவை முத்தி தொடங்க முதல், பின்கதவால் புகுந்து கரண்ட் கொடுத்துவிட்டு ஓடிவந்தால் ஒருவருக்கும் தெரியாது.

முழு மௌனத்தில் எழுந்து அவள் நடந்தபோது கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பக்கத்தில் செபமாலையின் கண்ணும் பார்த்தது.

ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது, செபமாலை வீட்டின் பின்கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குசினிக் குழாய் எங்கேயோ கழன்றிருக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தது, வால்வுக்கு ஏற ஏணியும் உள்ளே. அலாரம் மூச்சுக் காட்டவில்லை. “மாதாவே, கோவிக்காதேங்கோ,” என்றபடி ஸ்கூட்டியின் பற்றரியைக் கழற்றினாள். பின்சுவர்ப் பெட்டியைத் திறந்து, வால்வு வயர் இரண்டையும் பற்றரியில் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவசரத்தில் வயரை மாற்றிப் பிடித்திருக்கிறாள். திருப்பிப் பிடித்தாள்.

‘கிர்ர்.’

கதவுக்குக் கீழே வந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. மதுஷிகா படியில் குந்தியிருந்து அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

அந்தக் கோலத்தில்தான், பின்னாலேயே வந்த செபமாலையும் மாமியும் அவளைப் பிடித்தார்கள். கதவைத் திறந்தால் குசினியில் கணுக்கால் தண்ணீர். அறைப் பாயின் ஓரம் நனைந்து, அடிவரிசையில் பதினொரு பெட்டி ஊறியிருந்தது. மிச்சமெல்லாம் காய்ந்தபடி.

மாமி தலையில் கைவைத்தார். “ஐயோ, நான்தானே விளக்கை அணைச்சனான்!”

மதுஷிகா வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அங்கேயே நின்றிருக்கும். கலியாண வேலையும் கைக்குள் இருந்திருக்கும். அவளால் முடியவில்லை.

“இல்லை மாமி, பிழை என்ர. பெரிய வெள்ளி வரும் எண்டு யோசிக்காம அந்த ப்ளக்கில குத்தினது நான். மாமா, நீங்கள் டவுண் ஆளையே கூப்பிடுங்கோ.”

செபமாலை ஊறின பெட்டிகளைப் பார்த்தார். காய்ந்த பெட்டிகளைப் பார்த்தார். முற்றத்தில் வயிறு திறந்து நின்ற ஸ்கூட்டியை நெடுநேரம் பார்த்தார்.

“ஊறினதைப் பாஸ்காவுக்கு நாங்களே தின்னுவம், இண்டைக்கு ஒருசந்தி நோன்பு,” என்றார். பிறகு மதுஷிகாவிடம் திரும்பினார். “பந்தலுக்கு எத்தினை ப்ளக் வேணும் பிள்ளை?”

“அஞ்சு இருந்தாக் காணும் மாமா.”

“ஆறாப் போடு. ஆறாவது வால்வுக்கு. மாதாவின்ர ப்ளக்கை மாதாவுக்கே விட்டிடு.”