நங்கூரம் அணியின் ஊமை மைதானம்

கானா நாட்டுக் கடலோர ஊரான செக்கோண்டியில் நங்கூரம் கால்பந்து அணி தன் ஆட்டத்தை விற்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, மைதானத்துக்குள் யார் கத்தினாலும் சத்தம் வரவில்லை. மதிலுக்கு வெளியே ஆடு கத்தினால் கேட்டது, மீன்காரி கூவினால் கேட்டது. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் வாய் மட்டும்தான் அசையும்.

அதற்கு முன் அந்த மைதானம் போட்ட கூச்சல் இருக்கிறதே, அடேயப்பா! ரசிகர் கூட்டத்தில் இருந்து அராபா பாட்டெடுத்தால் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள்கூடப் பின்பாட்டுப் பாடுவார்கள். அவள் தம்பி ஜோஜோதான் கோல்கீப்பர். அந்த ஞாயிறு, குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்து ஒன்று அவன் கால்களுக்கு நடுவே உருண்டு வலைக்குள் போனது. பரவாயில்லை என்று தம்பிக்காக வாயைத் திறந்தாள் அராபா. குரல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இல்லை.

எதிரணியின் மந்திர மருந்துதான் என்று ஊர் முடிவு கட்டியது. "வாசல்ல எதையோ புதைச்சிருக்கானுங்க, தோண்டுங்கடா!" என்றார் அணித் தலைவர். சாராயம் ஊற்றி முன்னோரைக் கூப்பிட்டுத் தோண்டினார்கள். செத்த தவளை ஒன்று கிடைத்தது. பாவம், அது தன்பாட்டுக்குச் செத்த தவளை. இருந்தாலும் வாசலுக்குப் பயந்து ஆட்டக்காரர்கள் அன்றுமுதல் மதிலேறிக் குதித்தே உள்ளே போனார்கள். முதலில் குதித்தவன் ஜோஜோ.

வருஷங்கள் போயின. பந்தயக் கம்பெனி ஒன்று அணியை வாங்கி, சட்டையில் நங்கூரம் இருந்த இடத்தில் தன் பெயரை ஒட்டியது. ஒலிபெருக்கி கட்டி, எந்த ஊர் ஜனமோ எப்போதோ போட்ட ஆரவாரத்தை ஓடவிட்டது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

"விலைக்கு வாங்கின தொண்டைக்குத்தான் இங்க மரியாதை" என்றாள் வாசலில் புளித்த சோளமாவுக் கெங்கே உருண்டை விற்கும் எக்குவா, ஞாயிறு தவறாமல் உள்ளே போகிற அராபாவிடம். "உனக்கென்ன பைத்தியமாடி? உள்ள போய் எதைக் கேக்கப் போற?"

"பழைய சத்தம் ஒருநாள் திரும்பி வரும்டி. வர்றப்ப நான் வீட்ல மீன் கழுவிட்டு இருக்கணுமா?" என்றாள் அராபா. அந்தச் சத்தத்துக்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜோஜோ ஆட்டத்தை விட்டபின் ஞாயிறுதோறும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பார்வை புல்லில் இருக்கும், உதடு அசைந்துகொண்டே இருக்கும். 'நான்தான்க்கா. காசு வாங்கிட்டுத்தான் விட்டேன்.' வெளியே வந்தால் மீன் விலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சொன்ன மாதிரியும் ஆச்சு, யாருக்கும் தெரியாத மாதிரியும் ஆச்சு என்பது அவன் நினைப்பு. கோல் வாசலிலேயே காலம் கழித்தவனுக்குக் கூட்டத்தின் சங்கதி எப்படித் தெரியும்? உதட்டைப் பார்த்தே பேச்சை அறிய அந்த ஜனம் முதல் வருஷத்திலேயே பழகியிருந்தது.

ஒருநாள் அவன் தாங்கமாட்டாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னான். 'உன் பாட்டை நான்தான் வித்துட்டேன்க்கா.'

அவனுக்கும் புரியட்டும் என்று அராபா உதட்டை மெதுவாக அசைத்தாள். 'தெரியும்டா. ஊருக்கே தெரியும்.'

வரிசை முழுக்கத் தலையாட்டியது.

'அப்புறம் ஏன் யாருமே என்னைத் திட்டல?'

'திட்டிக்கிட்டுத்தானேடா இருந்தோம், வாராவாரம். நீதான் எங்க பக்கம் திரும்பவே இல்ல.'

ஜோஜோ குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகைக்கும் சத்தமில்லை. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து, ஆட்டத்துக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தான். இன்றும் அப்படித்தான் உட்காருகிறான்.